மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

வகுப்பு மூன்று மணிக்கு. மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. வகுப்பை நடத்த வேண்டியவர் புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தில், முதல் பத்தியிலேயே, ஏழாவது தடவையாக மாட்டிக்கொண்டு நின்றார்.

அலுவலகத்தில் அவருக்குப் பட்டியலார் என்று பெயர். லிஃப்ட் தயாரிக்கும் நிறுவனம் அது. பெட்டி எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லும் நிரல்களை எழுதுகிற பிரிவில் அவர் பதினெட்டு வருஷமாக இருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் எல்லா நிரல்களையும் ஒரு புது மொழியில்தான் எழுத வேண்டும் என்று மேலாளரம்மா ஒரு நாள் அறிவித்தார்.

அந்த மொழி யாருக்கும் சொந்தமில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தியும் தரலாம். ஆனால் ஒன்று. எழுதி முடித்ததைக் கம்பைலர் என்கிற பரிசோதகர் முதலில் வரிவரியாகப் படித்துப் பார்ப்பார். சின்னத் தவறு இருந்தாலும் ஓட விடமாட்டார். மனுஷர்கள் ஏறி இறங்குகிற பெட்டிக்கு இப்படிப்பட்ட கறார்தான் சரி என்பது மேலாளரம்மாவின் கட்சி. கற்றுக்கொள்ள மூன்று மாதம் அவகாசம். தேறாதவர்கள் உதிரிபாகக் கிடங்குக்குப் போய் நட்டு எண்ண வேண்டியதுதான்.

பட்டியலாரிடம் அந்த மொழியைக் கற்பதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு வழிகள் இருந்தன. இலவசப் புத்தகங்கள், வீடியோ பாடங்கள், பயிற்சிக் கணக்குகள், சந்தேகம் கேட்கும் மன்றங்கள் என்று எல்லாவற்றையும் தேடி எடுத்து, நிறம் வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மூச்சு விடாமல் சொல்லுவார். அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த மொழியில் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் இதைவிட நல்ல புத்தகம் ஒன்று கண்ணில் பட்டுவிடும்.

"நீச்சல் கத்துக்கிறதுக்கு இதுவரைக்கும் இருநூத்துப் பன்னிரண்டு துண்டு வாங்கியாச்சு. இன்னும் குளத்துப் பக்கம் போகல" என்று அவர் மனைவி ஒரு காலைக் காப்பியோடு சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பட்டியல் கைமாறிக் கைமாறி மேலாளரம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அசந்துபோய், இவ்வளவு தெரிந்தவர் நம்மிடமே இருக்கும்போது வெளியிலிருந்து ஏன் ஆள் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். பட்டியலார் உண்மையைத்தான் சொன்னார்.

"கொஞ்சம்தான் தெரியும், மேடம்."

அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியாகிவிட்டது. புதன்கிழமைதோறும் மூன்று முதல் நான்கு வரை வகுப்பு. பதினோரு மாணவர்கள். மூன்று மாத முடிவில் பதினோரு பேரும் சேர்ந்து சின்ன மாதிரி லிஃப்ட் ஒன்றை இயக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதினோரு பேரோடு பன்னிரண்டாவதாக வாத்தியாருக்கும் கிடங்குதான்.

முதல் வாரம் பட்டியலையே வாசித்து ஒரு மணி நேரத்தைக் கடத்தினார். கைதட்டல்கூடக் கிடைத்தது. இரண்டாவது வாரம், நம் மொழியிலேயே இருந்த ஒரே இலவசப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, முதல் மூன்று அத்தியாயங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பித்தார். நான்காவதில் வண்டி நின்றுவிட்டது.

"மதிப்புகளின் உரிமை அவற்றின் ஆயுட்பரப்போடு பிணைக்கப்பட்டிருப்பதால்" என்று ஆரம்பித்தது அந்த அத்தியாயம். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அதை ஐந்து தடவை படித்தார். ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் ஒரு கட்டம் இருந்தது, பிழை கண்டால் இங்கே எழுதுங்கள் என்று. பெயர் போடாமல் அதில் எழுதினார்:

"பிழை புத்தகத்தில் இல்லை, என்னிடம்தான். லிஃப்ட் கம்பெனியில் புதன்கிழமை மூன்று மணிக்கு நான் இதைப் பதினோரு பேருக்கு நடத்தியாக வேண்டும். மூன்று வரை வந்துவிட்டேன். நான்குக்கு ஏற முடியவில்லை. நடுவில் நிற்கிறேன்."

எழுதிய பிறகு மனசு கொஞ்சம் லேசானது. செவ்வாய்க்கிழமை பதில் வந்திருந்தது. "எந்த வரியில் நின்றீர்கள்?" என்ற ஒரே கேள்விதான். கீழே எழுதியவர் பெயர் இல்லை. அந்தப் புத்தகத்தின் அட்டையிலும் பெயர் கிடையாது. பட்டியலார் பயந்துவிட்டார். கம்பெனியையும் கிழமையையும் எழுதித் தொலைத்தோமே, இன்னும் பதில் வேறு போட்டால் ஆளையே கண்டுபிடித்துவிடுவார்களே என்று அந்தப் பக்கத்தை மூடியவர், பிறகு அந்தக் கட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது மூன்று மணி ஆகிவிட்டது. பதினோரு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் பன்னிரண்டாவதாக ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் துணிப்பை, பக்கத்தில் குடை, கையில் நோட்டு.

லிஃப்ட் ரிப்பேர் என்று புகார் கொடுக்க வந்ததாகவும், புகார் அதிகாரி நான்கு மணிக்குத்தான் வருவார் என்று வரவேற்பறையில் சொன்னதாகவும், காற்றாடி ஓடுகிற அறை இது ஒன்றுதான் என்பதால் இங்கே உட்கார்ந்திருப்பதாகவும் அவர் சொன்னார். தொந்தரவாக இருந்தால் எழுந்துவிடுகிறேன் என்றார். பட்டியலார் நல்ல மனுஷர். தாராளமாக இருங்கள் அம்மா என்றார். என்ன ரிப்பேர் என்றும் விசாரித்தார்.

"மூணாவது மாடி வரைக்கும் ஒழுங்காத்தான் போகுது சார். நாலாவதுக்கு ஏறும்போது நடுவுல நின்னுடுது."

பட்டியலாருக்கு அந்த லிஃப்டின் மேல் இனம் புரியாத இரக்கம் வந்தது.

பலகைப் பக்கம் திரும்பி, மதிப்புகளின் உரிமை என்று தொடங்கி மனப்பாடம் செய்திருந்ததைச் சொல்லி முடித்தார். பதினோரு முகங்களும் சுவரைப் போல இருந்தன. ஆனால் சக ஊழியர்கள் இல்லையா, மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அடுத்த பத்திக்குத் தாவலாம் என்று அவர் வாயெடுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எனக்குப் புரியலையே சார்."

"அம்மா, இது உங்களுக்கு..."

"இல்ல, உக்காந்ததுக்குக் காதுல விழுந்துது. அதான் கேட்டேன்."

யாரோ ஒருவர் புரியவில்லை என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்துவிடும். எனக்கும் புரியல, எனக்கும் புரியல என்று பதினோரு கைகளும் எழுந்தன. அந்த நேரத்தில் மெக்கானிக் உள்ளே வந்தார். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருக்கிறவர். சுவரில் ஆணியில் தொங்கிய லிஃப்ட் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மூழ்குகிறவன் கையில் கட்டை அகப்பட்டதுபோல் பட்டியலார் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ சாவி யார்கிட்ட இருக்கு?"

"மெக்கானிக்கிட்ட."

"அப்போ ஆணிகிட்ட?"

"ஒண்ணுமில்ல."

"இனிமே போய் ஆணியைச் சாவி கேட்டா அது முட்டாள்தனம். அதைத்தான் கம்பைலர் திட்டுது. சாவி ஒண்ணு, கையும் ஒண்ணு. பார்த்துட்டுத் தர்றேன்னு வாங்கினா அது இரவல். திருப்பி மாட்டிடணும்."

வகுப்பு கலகலத்தது. வாயில் வந்ததை உளறிவிட்டு வந்துவிட்டோம் என்று பட்டியலார் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார். வகுப்பு நடக்கும்போது அந்த அம்மாள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார். வேறு என்ன, புகாராகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை, முன் வரிசையில் உட்காருகிற கண்ணாடிக்காரப் பெண் அவர் மேஜைக்கு ஓடி வந்தாள். புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் மாறிவிட்டதாம். மதிப்புகளின் உரிமை போய், "ஆணியில் ஒரு சாவி தொங்குகிறது" என்று ஆரம்பிக்கிறதாம்.

"சார், நீங்க சொன்னதை அப்படியே போட்டிருக்காங்க. இந்தப் புத்தகம் நீங்க எழுதினதுதானே?"

"ஐயோ, நான் இல்லம்மா."

"சரி சார். சொல்ல மாட்டீங்க, தெரியும்" என்று அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்குள் அலுவலகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பட்டியலார் மறுத்தார். மறுக்க மறுக்க அவர் பெரிய மனுஷர் ஆகிக்கொண்டே போனார்.

புதன்கிழமை அந்த அம்மாள் மறுபடி வந்தார். போன வாரம் அதிகாரி வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். பட்டியலார் அன்றைக்கு உஷாராக இருந்தார். ஆறாம் அத்தியாயம் அவருக்குச் சுத்தமாக விளங்கவில்லை. அதனால், இது இப்போதைக்குத் தேவையில்லை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாகத் தாண்டினார். அடுத்த வாரம் புத்தகத்தைத் திறந்தால் ஆறாம் அத்தியாயம் கடைசிக்குப் போயிருந்தது. "முதல் வாசிப்பில் இதை விட்டுவிடலாம்" என்று குறிப்பு வேறு.

பட்டியலார் அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஊர் உலகமெல்லாம் படிக்கிற புத்தகம் அது. அவர் சோம்பேறித்தனத்துக்கு ஏற்றபடி அது வளைந்து கொடுத்தால் நாளைக்கு எத்தனை பேர் தப்பாகக் கற்றுக்கொள்ளுவார்கள்? அதோடு சொந்தக் கஷ்டம் ஒன்றும் இருந்தது. அவர் வகுப்புக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தயார் செய்வார். புத்தகமோ அவரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. தெரியாததைத் தெரிந்துகொள்ளலாம் என்று பக்கத்தைத் திறந்தால், அங்கே அவரே உட்கார்ந்து மழுப்பிக்கொண்டிருந்தார்.

இனி சொந்தமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை, புத்தகத்தில் இருப்பதை மட்டும் வாசிப்பது என்று தீர்மானித்தார். வாசிக்கவும் செய்தார். கடைசி வரிசைக் குரல் விடவில்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. புரியல."

வேறு வழியே இல்லாமல் போயிற்று. நாற்பத்தாறு வயதில் அவர் நிஜமாகவே கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்.

காலையில் ஆறு மணிக்கு எழுந்து, மேஜையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மொழியில் ஒரு வரி எழுதினார். ஒரு வரிக்குக் கம்பைலர் நான்கு தவறு சொன்னது. ஒன்றைத் திருத்தினால் ஆறு ஆனது. மனைவி எட்டிப் பார்த்து, இந்த ஆள் என்னை மாதிரியே பேசுகிறாரே என்றாள். அதுவும் உண்மைதான். சும்மா தப்பு என்று சொல்லிவிட்டுப் போகாமல், எந்த இடத்தில் தப்பு, ஏன் தப்பு, என்ன செய்தால் சரியாகும் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. பத்து நாள் கழித்து அதைத் திட்டு என்று நினைப்பதை அவர் நிறுத்தினார். பக்கத்தில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

மன்றத்தில் அவர் கேட்ட அற்பச் சந்தேகங்களுக்கெல்லாம் யார் யாரோ பதில் போட்டார்கள். ஒருவர் மூன்று பக்கத்துக்கு விளக்கினார். கடைசியில், இதே இடத்தில் நானும் ஒரு வாரம் அழுதேன் என்று எழுதியிருந்தார். இத்தனை பேர் ஒரு பைசா வாங்காமல், பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், முகம் தெரியாதவனுக்காக இப்படி எழுதி வைத்திருக்கிறார்களே என்று பட்டியலாருக்கு ஒரு காலையில் கண் கலங்கியது. அன்றைக்குத்தான் தன் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பன்னிரண்டாயிற்று. கடைசியில் அந்த ஒரு புத்தகமும் மன்றமும் மட்டும் மிஞ்சின.

வகுப்பும் மாறியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகினார். பதினோரு பேரும் சேர்ந்து தேடினார்கள். புரிந்ததா இல்லையா என்பதற்கு அளவுகோல் கடைசி வரிசைதான். புகார் அம்மாவுக்கே புரிந்துவிட்டால் நம் எல்லோருக்கும் புரிந்த மாதிரி என்பது வகுப்பில் பேச்சு. அந்த அம்மாளோ ஒரு நாளும் புரிந்தது என்று சொன்னதில்லை. நான்கு அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். புகார் அதிகாரி அந்தப் பக்கம் வருவார், இவர் இந்தப் பக்கம் போவார்.

ஒரு நாள் அவர் தன் லிஃப்டைப் பற்றிக் கூடுதலாக ஒன்று சொன்னார். மூன்றாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினால்தான் நடுவில் நிற்கிறதாம். தேர்வுக்கான மாதிரி லிஃப்ட் நாலடி உயரத்தில் அறை மூலையில் இருந்தது. வகுப்பு ஆரம்பிக்கும் வரை அந்த அம்மாள் பொழுதுபோகாமல் அதன் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருப்பார். கண்ணாடிக்காரப் பெண் அதில் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பார்த்தாள். அதுவும் நடுவில் நின்றது.

அதையே பயிற்சியாக எடுத்துக்கொண்டார்கள். பழைய நிரலில் இரண்டு பகுதிகள் ஒரே மோட்டாரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. புது மொழியில் அதை அப்படியே எழுதியபோது கம்பைலர் ஓட விடவில்லை. ஒருவரிடம் கொடுத்த மோட்டாரை, அவர் திருப்பித் தருவதற்குள் இன்னொருவரிடமும் கொடுக்கிறாயே என்று கேட்டது. பதினோரு பேரும் ஒன்றாக, "ஆணி" என்றார்கள்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் மேலாளரம்மா ஒரு காரியம் செய்தார். தேர்வு நாளன்று நிர்வாகக் குழுவையே கூப்பிட்டு, அறை வாசலில் பெரிய பதாகை ஒன்றும் கட்டிவிட்டார். "புகழ்பெற்ற நூலின் ஆசிரியர், நம்மில் ஒருவர்." கீழே பட்டியலாரின் படம், வண்ணத்தில்.

பட்டியலார் பதாகைக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார். வகுப்பில் நான் பேசுவதையெல்லாம் யார் புத்தகத்துக்கு எழுதிப் போடுவது என்று கண்ணாடிக்காரப் பெண்ணிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தார். நீங்கள்தான் என்று நினைத்தேன் சார் என்று அவள் விழித்தாள்.

மாதிரி லிஃப்ட் ஓடியது. நிர்வாகக் குழுத் தலைவர் இரண்டு பொத்தானையும் தன் கையாலேயே சேர்த்து அமுக்கினார். பெட்டி மூன்றில் நின்றது, கதவு திறந்தது, மூடியது, சமர்த்தாக நான்குக்குப் போனது. கைதட்டல் அடங்கியதும் நூலாசிரியர் பேசுவார் என்றார் மேலாளரம்மா. அப்போது இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் யாரோ பெயர் போடாமல் எழுதியதன் மேல் தன் படத்தை ஒட்டிக்கொண்டு நிற்பது அவருக்குத் தாங்கவில்லை.

"இந்தப் புத்தகத்தை நான் எழுதல" என்றார். "யார் எழுதினாங்கன்னும் தெரியாது. மூணு மாசத்துக்கு முன்னால எனக்கு இந்த மொழியில ஒரு வரி எழுதத் தெரியாது. பட்டியல் மட்டும்தான் இருந்துது. இந்தப் புத்தகத்தை எழுதினவங்களுக்கும், புரியலைன்னு சொன்னவங்களுக்கும்தான் நீங்க கை தட்டணும். கிடங்குக்குப் போகச் சொன்னா நான் போறேன். இவங்க பதினோரு பேரும் தேறிட்டாங்க."

மேலாளரம்மா பதாகையைப் பார்த்தார், மாதிரி லிஃப்டைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"தெரியாத ஆளால மூணு மாசத்துல கத்துக்க முடியுமான்னுதான் நிர்வாகம் கேட்டுது. அதுக்கு ஆதாரம் நீங்கதான். அடுத்த குழுவுக்கும் நீங்களே நடத்துங்க. பதாகையை மட்டும் கழட்டிடுங்க."

பட்டியலார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி வரிசையில் அந்த அம்மாள் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

"இப்போ புரிஞ்சுது சார்" என்றார். மணி நான்கு. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பட்டியலாருக்கு உறுத்தியது. அந்த அம்மாள் புரியவில்லை என்று விடாமல் சொல்லியிராவிட்டால் பட்டியலார் இன்றைக்கு நட்டு எண்ணிக்கொண்டிருப்பார். அந்த அம்மாளின் புகாரோ மூன்று மாதமாக அப்படியே கிடக்கிறது. நன்றி சொல்ல இதைவிட வேறு வழி தெரியவில்லை. வரவேற்பறைப் பதிவேட்டில் அந்த அம்மாள் எழுதியிருந்த முகவரியைத் தேடி எடுத்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மற்ற வேலையெல்லாம் அப்புறம், முதலில் இந்த லிஃப்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

மத்தியானம் மெக்கானிக் திரும்பி வந்து, சாவியை ஆணியில் மாட்டினார்.

"சரி பண்ணியாச்சா?"

"என்னத்தைச் சரி பண்றது சார்? அங்க லிஃப்டே இல்ல."

"நின்னுபோச்சுன்னு மூணு மாசமா சொல்றாங்களே."

"நின்னுபோறதுக்கு மாடி வேணுமே சார். அது தரையோட ஒரு வீடு. மேஜை முழுக்க நீங்க நடத்துற அந்தப் புத்தகம்தான், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில அடிச்சு அடிச்சு எழுதியிருக்கு. ஒரு பக்கத்துல நம்ம சாவியைக்கூட வரைஞ்சு வெச்சிருக்காங்க, ஆணியோட. டீ குடுத்தாங்க. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

பட்டியலார் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார். மெக்கானிக் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்புறம் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினாங்க சார். மூணு மாசமா நீங்க பதிலே போடலையாம். 'எந்த வரியில நின்னீங்க?'"